ஜன்னல் இல்லாத அறை

எங்கள் செங்காங் அடுக்குமாடி வீட்டில் குண்டு விழுந்தாலும் தாங்குவதற்கென்று ஓர் அறை உண்டு. தடித்த சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. மற்றவர்கள் அதில் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் போட்டுவைப்பார்கள். என் அப்பா அதற்குள் உட்கார்ந்து ஏழு வருடம் மரத்தூளைச் சுவாசித்தார். அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

அப்பா தச்சர். கப்பல் பட்டறையை விட்ட பிறகு வீட்டிலேயே சாமி மேடை செய்து கொடுத்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தது. வாசித்ததோடு நிறுத்தாமல் தீர்ப்பும் சொன்னேன்.

"அந்த பாம் ஷெல்டர் ரூமுக்குள்ள வச்சு செய்யுங்கப்பா. சத்தம் வெளிய போகாது."

சத்தம் போகாத இடத்திலிருந்து தூசி மட்டும் எப்படிப் போகும் என்று என் படித்த மண்டைக்குத் தோன்றவில்லை. அப்பாவோ வந்தவர் போனவரிடமெல்லாம், "பையன் குடுத்த ஐடியா லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் டாக்டர் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் ஜன்னல் உண்டா என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். போன மூச்சு போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்றார். அதையும் நானே அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "கதவையாவது தொறந்து வச்சிருக்கலாம்லப்பா?"

"தொறந்தா சத்தம் போகும். நீதானே சொன்ன."

குத்திக்காட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் நிஜமாகவே என் பேச்சை மதித்துத்தான் அதைச் சொன்னார்.

பாம் ஷெல்டர் சுவரில் துளை போடச் சட்டம் விடாது. ஜாலான் புசார் கடையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று வாங்கிவந்து, என் அறை ஜன்னலில் மாட்டி, அப்பாவின் வேலையை அங்கே மாற்றப் போனேன். அப்பா வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"அது படிக்கிற ரூம். அங்க தூசி ஆகாது."

"படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?"

"கிழிச்சவரே, கட்டில நகத்துங்க" என்றார் அம்மா. "பேசிட்டே நின்னா காத்து வந்துடுமா?"

தூள் கீழ்வீட்டுத் துணியில் படியாதபடி விசிறிக்கு முன்னால் வடிதுணி கட்டினேன். தேய்க்கும் மெஷினில் வேக்குவம் குழாயைச் செருகினேன். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தால் புகை நின்ற இடத்திலேயே சுற்றியது. அறைக்கதவை ஒரு சாண் திறந்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்து ஓடியது. ஆனால் போகிற வழியில் அப்பாவின் முகம் இருந்தது. மேசையை விசிறிப் பக்கம் தள்ளி, அவரைக் கதவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன்.

சத்தம் மிச்சம் இருந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அங்கிள் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். தான் காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் இருப்பதே இல்லை, அப்போது செய்யச் சொல்லுங்கள் என்றார். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கத்துவதற்கென்று கொண்டுபோன கோபத்தை அப்படியே திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏழு வருடமாக எங்கள் மூவரில் ஒருவருக்கும் அந்தக் கதவைத் தட்டத் தோன்றவில்லை. அவர்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும்.