அசல் டிஸ்க்

போன வாரம் பீளமேட்டில் வீடு மாற்றும்போது ஒரு செருப்புப் பெட்டி கையில் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் பிளாஸ்டிக்கும் பூஞ்சையும் கலந்த வாசனை. உள்ளே ஒரே ஒரு ஃபிளாப்பி. சட்டென்று மூடியை மறுபடி மூடிவிட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அது என்னுடையதல்ல, முப்பது வருடமாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பது.

அந்த வாசனை என்னை நேராக ஆர்.எஸ்.புரத்தில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொண்டுபோய் விட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். ஓனர் மட்டும் ஷூவோடு வருவார். அங்கே என்னோடு வேலை பார்த்தவர் நசீமா, கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த குகை விளையாட்டுதான் இந்த ஃபிளாப்பியில் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மாறி மாறி ஆடுவோம். அவர் பூதத்தையே தாண்டிவிடுவார். நான் முதல் பள்ளத்தில் விழுந்துகொண்டிருப்பேன்.

நசீமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலையை விட்டுப் பாலக்காடு போகப்போகிறார். "ஒரு காப்பி எடுத்துக்கிறேனுங்க" என்று டிஸ்கை வாங்கினேன். ஆனால் காப்பி எடுக்க முடியாதபடி விளையாட்டைத் தயாரித்த கம்பெனி அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது. நகலைப் போட்டால் 'அசல் டிஸ்கைப் போடவும்' என்று திரையில் வரும். நானா விடுவேன்? யார் யாரிடமோ வாங்கிய புரோகிராம்களையெல்லாம் ஓட்டினேன். கடைசியில் அசலைப் போட்டாலும் 'அசல் டிஸ்கைப் போடவும்' என்றது. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வேறு மெஷினில் போட்டுப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. "சரி பண்ணித் தாரேனுங்க" என்று அவரிடம் புளுகினேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இப்போது என் ஆபீசில் கதிர் என்றொருவர். பழைய கேம்களை அழியாமல் காப்பாற்றுகிற பைத்தியம். ஃபிளாப்பியில் பதிந்திருப்பதைப் பூட்டோடு சேர்த்து அப்படியே படித்தெடுக்கும் சின்னக் கருவி வைத்திருக்கிறார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டிஸ்கைத் துடைத்துவிட்டுப் போட்டார். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள்; ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பு.

"அதுதானுங்க நான் கெடுத்தது" என்றேன்.

"இல்லீங்க சார், அதுதான் பூட்டு. கம்பெனியே வேணும்னு கெடுத்து வெச்ச இடமுங்க. டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குது. அன்னைக்கு உங்க டிரைவுல தூசி அடைச்சிருக்கும்."

ஓனரின் ஷூக்கள் கண்முன் வந்து போயின.

யார் யாரிடமோ கேட்டு நம்பர் வாங்கி நசீமாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஏனுங்க, அதுக்காகவா கல்யாணத்துக்கு வராம இருந்தீங்க? எம்மேல என்னமோ கோவம்னுல்ல இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தேன்!" பிறகு சிரித்தார். "அது கெடக்கட்டும், மார்க்கு லிஸ்ட்டு இருக்குதான்னு பாருங்க."

இருந்தது. முதல் ஐந்து இடத்திலும் அவர் பெயர்தான்.

கதிர் அந்த விளையாட்டைப் போனில் ஓடும்படி செய்து கொடுத்தார்; நசீமாவுக்கும் அனுப்பிவைத்தேன். சென்டர் இருந்த மாடியில் இப்போது பட்டுப்புடவைக் கடை. அன்றெல்லாம் இந்த விளையாட்டு ஏறுவதற்கே நாலு நிமிடம் ஆகும்; டிரைவ் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் பேசியதெல்லாம் அந்த நாலு நிமிடங்களில்தான்: அவர் வீட்டுச் சண்டைகள், நான் தவறவிட்ட கிணத்துக்கடவு பஸ், பிடித்த ஊறுகாய். இப்போது தொட்டதும் திறந்துகொள்கிறது.