ஷெர்லின் டீச்சரின் குறை எண்கள்

பிளஸ் டூ முடித்த கையோடு ஷெர்லின் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருஷம் உற்பத்தி லைனில் நின்றாள். அதில் சேர்த்த பணத்தில்தான் பி.எஸ்சி. கணக்கும் பி.எட்.டும் படித்தாள். இப்போது வல்லம் வடகாலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பத்து நான்கு. லைனில் நின்றதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் போட்ட துணியுறையை யாரும் எடுக்கவில்லை.

"யாராச்சும் வந்து கேட்டா சொல்றதுக்காவது யூஸ் பண்ணுங்கம்மா" என்றார் தலைமையாசிரியர் பாண்டுரங்கன்.

ஷெர்லின் உறையை எடுத்தாள். ஏழாம் வகுப்புக்குக் குறை எண்கள் நடத்த வேண்டிய வாரம் அது. இரண்டு நாள் தேடி, நல்ல வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டாள். கடலுக்குள் மீன் இறங்கியது, வானத்தில் பறவை ஏறியது, பின்னால் பாட்டு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். அவளுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. மறுநாள் சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்தாள். பாதிப் பேருக்கு மேல் கோட்டை விட்டிருந்தார்கள்.

"நேத்து அவ்ளோ நேரம் இன்னாதான் பார்த்தீங்க?" கோபத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"மீனு மிஸ்" என்றான் ரகு. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

ஆனால் அந்தப் பதில் அவளை விடவில்லை. லைனில் கடைசி டெஸ்டில் பத்துப் பீஸ் ஒரே மாதிரி ஃபெயிலானால், யாரும் பீஸைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். எந்த இடத்தில் பிசகியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பார்கள். தன் பாடத்தில் அப்படிப் பின்னால் போய்ப் பார்க்க ஓர் இடம்கூட இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தொடக்கத்தில் வீடியோ, முடிவில் டெஸ்ட். நடுவில் நடந்தது யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை உட்கார்ந்து திட்டம் போட்டாள். நாற்பது நிமிடத்தை ஐந்து படிகளாகப் பிரித்தாள். ஒவ்வொரு படியின் முடிவிலும் பிள்ளைகள் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. அதைச் சோதிக்க ஒரு கேள்வி. முப்பது பேராவது சரியாகச் சொன்னால்தான் அடுத்த படி. பதிலைச் சேகரிக்க அட்டைகளை அச்சடித்தாள். பிள்ளைக்கு ஓர் அட்டை; ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன தனித்தனிக் குறி, நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. பிள்ளை தன் பதில் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். அதற்கான ஆப்பைத் திறந்து டீச்சர் போன் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றியதும் யார் என்ன சொன்னார்கள் என்பது பெயரோடு வந்துவிடும். அடுத்தவரைப் பார்த்து எழுதும் வேலையே கிடையாது.

திங்கட்கிழமை வகுப்பில் திருவிழா மாதிரிதான்.

"மிஸ், என் கார்டு ஏறல! இவன் கை மறைச்சிகினு கீது!" என்று ரகு கத்தினான்.

முதல் படியைச் சுலபமாகத் தாண்டினார்கள். இரண்டாவது கேள்வி: குறை ஏழு, குறை மூன்று, எது பெரியது? போனைச் சுற்றினாள். முப்பத்தொரு பேர் குறை ஏழு என்றார்கள்.

ஷெர்லின் போனை மேஜையில் வைத்தாள். முப்பத்தொரு பேர் ஒரே தப்பைச் செய்தால் அது அவர்கள் தப்பில்லை. ஏழு மூன்றைவிடப் பெரியது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; அது எங்கே மாறுகிறது என்பதை அவள் காட்டவே இல்லை. அன்றைக்கு மூன்றாம் படிக்குப் போகவில்லை.

மணி அடித்ததும் பாண்டுரங்கன் வாசலில் நின்றார். "என்னம்மா, ரெண்டாவது கணக்குலயே நிக்கிறீங்க? போர்ஷன் என்னாகறது?"

"ரெண்டு நாள் குடுங்க சார். மிச்சம் இருக்கற ஆறு நாள் பாடத்தை நாலு நாள்ல முடிச்சிடறேன்." திட்டத் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார். "சரி, பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் வீடியோ இல்லை. ஸ்மார்ட் போர்டில் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்து, அதில் சிவப்பில் குறை ஏழு என்று எழுதினாள். "இந்த மாதிரி போர்டைப் பத்தி வீட்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

மாரிசெல்வி கையைத் தூக்கினாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பம். அவள் அம்மா கம்பெனியில் ஆபரேட்டர். "எங்கம்மை லைன்ல இருக்கு டீச்சர். டார்கெட்டுக்கு எத்தனை கொறையுதோ அது அங்க போர்டுல செவப்புல வரும்."

"கொறை மூணு வந்த நாள் நல்ல நாளா, கொறை ஏழு வந்த நாளா?"

"மூணுதான் டீச்சர்! ஏழு வந்தா சூப்பர்வைசர் ஏசுவாருல்லா!"

டார்கெட்டைப் பூஜ்யமாக வைத்து மேலும் கீழுமாக ஒரு கோடு இழுத்தாள். ஒவ்வொருவராக வந்து எண்களை அதில் நிறுத்தினார்கள். பெரியது மேலே, சிறியது கீழே. அதே மாதிரி வேறு எண்களோடு கேள்வி, அட்டைகள் எழுந்தன. முப்பத்தைந்து பேர் சரி. தவறிய மூன்று பேரின் பெயரும் கையில் இருந்ததால், மறுநாள் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் அவர்களை மட்டும் கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாள்.

மீதிப் பாடம் நான்கு நாளில் முடியவில்லை. ஐந்து நாள் ஆனது. பாண்டுரங்கன் அதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை. சொல்லிக் காட்டிவிட்டு, எட்டாம் வகுப்பு அறிவியலுக்குத் தனக்கும் ஒரு கட்டு அட்டை வேண்டும் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வகுப்பை முடித்துவிட்டு நேரே ஆசிரியர் அறைக்கு வந்தார். போனை அவள் முன்னால் வைத்தார். முப்பத்தாறு பேரில் ஒன்பது பேர் சரி.

"இருபத்தாறு வருஷமா இதே பாடம்தாம்மா நடத்தறேன்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்த எடத்துல விட்டேன், பாருங்க."

ஷெர்லின் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "மொதல் படி என்ன சார்?"