காக்கை பார்க்க ஒரு கேமரா

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மறு வருஷம், பறவைகளைப் படம் எடுக்கப்போவதாக அறிவித்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு பறவையை நின்று பார்த்து நான் கண்டதில்லை. ஜன்னல் கம்பியில் புறா வந்து உட்கார்ந்தால் செய்தித்தாளைச் சுருட்டி விரட்டுகிறவர். ஆனாலும் நான் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் பார்க்க நினைத்தது எதை என்று எனக்குத் தெரியும். எங்கள் மொட்டைமாடியில் நின்றால், லேக் கார்டன்ஸ் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பச்சை ஜன்னல் வைத்த ஒரு பழைய வீடு தெரியும். எங்கள் ஒரே மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

கல்லூரியில் கூடப் படித்த வங்காளிப் பையனை அவள் கட்டிக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். துறைமுக வேலையாகக் கல்கத்தா வந்து, டாலிகஞ்சில் வாடகைக்கு இருந்து, பிறகு இந்த ஃபிளாட்டை வாங்கி உட்கார்ந்த காலம் முழுக்க, மீன்காரர்கள் உட்காரும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டே போன மனிதர் அவர். கல்கத்தாவில் அப்படிப் போக நினைத்தால் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, "அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். நிதானமாகச் சொன்ன வார்த்தையை அவர் மாற்றிக்கொண்டதே கிடையாது.

நான் சபதம் எதுவும் செய்யவில்லை. வாரத்தில் ஒரு நாள் சாம்பார் பொடியோ வற்றலோ ஒரு பையில் போட்டுக்கொண்டு, லெவல் கிராசிங்கைத் தாண்டிப் போய்விட்டு வருவேன். எங்கே போனாய் என்று அவர் கேட்க மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் தெரிந்ததை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா? துர்கா பூஜை முடிந்த கையோடு மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகுதான் அவருக்குப் பறவை ஆசை வந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. மகளின் பள்ளிக்கூட விழாக்களில் கடைசி வரிசையிலிருந்து அதில் படம் எடுப்பார். கழுவி வந்தால் மேடையில் எறும்பளவு பிள்ளைகள் நிற்பார்கள். அதில் நம் எறும்பு எது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அது இப்போதைய வேலைக்கு உதவாது என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

அலுவலகத்தில் அவர் கொள்முதல் பிரிவில் இருந்தவர். ஒரு திருகாணி வாங்கவும் மூன்று இடத்தில் விலை கேட்டுப் பழகிய கை. கேமராவைச் சும்மா விடுவாரா? தர்மதலாவில் கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்துக்கு மெட்ரோவில் என்னையும் இழுத்துக்கொண்டு பலமுறை போனார். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் கேமரா ஜிப்பாப் பையில் அடங்க வேண்டும். இதுதான் அவருடைய நிபந்தனை. நீளக் குழல் வைத்த பெரிய கேமராக்களைக் கடைக்காரர் எடுத்து வைத்தபோது தொடக்கூட இல்லை. மொட்டைமாடியில் அதைப் பீரங்கி மாதிரி தூக்கிப் பிடித்தால் பாரா முழுக்கச் செய்தி போய்விடும். பாரா என்றால் இங்கே அக்கம்பக்கம் மட்டும் இல்லை, அதன் காதும் வாயும் சேர்த்துத்தான்.

"பறவை பார்க்கவா, தாதா?" என்று விற்பனை செய்கிறவர் அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ஆமாம்."

"என்ன பறவை?"

அவர் இதற்குத் தயாராக வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "காக்கா" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

பெட்டியின் மேல் பெரிய பெரிய எண்களாகப் போட்டிருந்தார்கள். நாற்பது மடங்கு என்று எழுதியிருந்த ஒன்றைக் காட்டி, அது என்ன விஷயம் என்று கேட்டார். லென்ஸ் இழுப்பது நான்கு மடங்குதான், மிச்சம் டிஜிட்டல் ஜூம், இருக்கிற படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் என்று பதில் வந்தது. "இது கடஞ்செடுத்த பித்தலாட்டம்லா" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு அதைத் தள்ளி வைத்தார். திரை மட்டும் இருந்து, கண் வைத்துப் பார்க்கும் துளை இல்லாதவையும் கழிந்தன. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது என்று அவரே கண்டுபிடித்தார். கடைசியில் லென்ஸே பத்து மடங்கு இழுக்கிற ஒன்று நின்றது. கை ஆட்டத்தைத் தாங்கும் ஏற்பாடும் அதில் உண்டு என்றார் கடைக்காரர். "என் கை ஆடாது" என்று இவருக்குக் கோபம். அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, சந்தின் மறுகோடியில் இருந்த டீக்கடைப் பலகையை எடுக்கச் சொன்னார்கள். படத்தில் பலகை வண்டியில் போகிற மாதிரி இழுபட்டிருந்தது. பையை எடுத்துப் பணம் கொடுத்தார்.

நல்ல நேரம் பார்த்து வீட்டில் கேமராவைத் திறந்தோம். புதுப் பொருள் எது வந்தாலும் முதலில் பிள்ளையாருக்குத்தான். ஸ்கூட்டர் வாங்கியபோது சந்தனம் வைத்தோம், மிக்ஸி வாங்கியபோது குங்குமம் வைத்தோம். கேமராவுக்கு எங்கே வைப்பது? முதல் படம் பிள்ளையாரை எடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. எங்கள் பூஜை இடம் சமையலறை அலமாரியின் ஒரு தட்டு. அதன் முன்னால் நெருங்கி நின்று, கேமராவை முடுக்கியதும் ஜூம் பொத்தானை ஒரே தள்ளாகக் கடைசிவரை தள்ளினார். "பத்து மடங்குக்குல்லா துட்டு குடுத்திருக்கு" என்றார். பிள்ளையார் மஞ்சள் புகையாக வந்தார். மறுபடி எடுத்தார், மறுபடி புகை. அவருக்கு முகம் செத்துவிட்டது. விக்னேஸ்வரனே தெரியமாட்டேன் என்கிறாரே, இது நல்ல சகுனமா?

மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு கிட்டே நின்றால் இது பார்க்காது, பொத்தானை இந்தப் பக்கம் தள்ளுங்கள், இல்லையென்றால் நீங்கள் பின்னால் போங்கள் என்றார். இவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, வாசல் கதவில் முதுகை ஒட்டி நின்று, கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் இருந்த பிள்ளையாரை எடுத்தார். தும்பிக்கையில் ஒட்டியிருந்த விபூதிகூடத் தெரிந்தது. பொத்தானை மறுபக்கம் தள்ள அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க, காலை இட்லி ஆனதும் ஜிப்பாப் பையில் கேமராவோடு மாடிக்குப் போய்விடுவார். வங்காளிகள் பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து இளவெயிலில் போட்டுவைப்பார்கள். எதிர் மாடியில் பாயை விரித்துச் சம்பந்தியம்மாள் அதைத் தினமும் செய்தார். பஜ்பஜ் லோக்கல் ரயில் குறுக்கே போகும்போது மட்டும் இவர் கேமராவை இறக்குவார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன கிடைத்தது, மேஷோமஷாய்?" என்று பெரியப்பா முறை வைத்து விசாரித்தார். "இன்னைக்கு ஒண்ணும் வரல" என்று பதில் சொன்னார். அது உண்மை. அன்றைக்கு மேகமூட்டம், குழந்தையை வெளியே கொண்டுவரவில்லை.

சாப்பிடும்போது ஒரு நாள் தன்னை மறந்து, "பச்சப் பிள்ளைக்குப் போயி கடுகெண்ணெயத் தேய்க்காங்க. காந்தாதா?" என்றார்.

"எண்ணெய் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டில் மஞ்சளா இருக்கு."

"காக்காவுக்கா தேய்க்காங்க?" என்றேன். அவர் ரசத்தைக் குனிந்து குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. நடந்தால் பத்து நிமிஷம் ஆகாத இடத்துக்கு ஒரு மனிதன் இத்தனை கண்ணாடி வில்லைகளை அடுக்கிக்கொண்டு போக வேண்டுமா என்றிருந்தது. பிள்ளையின் எடையை நான் கையில் உணர்ந்திருக்கிறேன். அவர் பாட்டிலின் நிறத்தைத்தான் கண்டார்.

பங்குனி வாக்கில் குழந்தைக்கு முகே பாத் வைத்தார்கள். முதன்முதலாகச் சோறு ஊட்டுகிற சடங்கு. நம்மூரில் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்பது போல, இங்கே முதல் வாய் ஊட்டத் தாய்மாமன் கை வேண்டும். மாமன் இல்லையென்றால் அம்மாவைப் பெற்றவர். எங்களுக்கு மகன் கிடையாது. ஆகவே அந்த வேலை இவருடையதுதான். மகள் தொலைபேசியில் அழைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவரோடு அவள் பேசியது அன்றைக்குத்தான். வங்க மொழியில்தான் அவளுக்கு வாய் ஓடும், ஆனால் அன்று தமிழில் பேசினாள். "அப்பா, நீங்க வரணும். வரலேன்னா, பக்கத்து வீட்டு அண்ணாவ மாமாவா உக்கார வெப்பாங்க."

"பாக்கேன்" என்று வைத்துவிட்டார். அவருடைய 'பாக்கேன்' எந்தப் பாக்கேன் என்று எனக்குப் புரிந்தது. மாடியிலிருந்துதான் பார்ப்பார்.

அன்று காலை நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாரானேன். அவரும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார். கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று பின்னாலேயே போனேன். கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றவர், அதை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். எதிர் மாடி முழுக்க மூங்கில் கட்டி, நான்கு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள். பந்தல்காரர்கள் இடுக்குக்கூட விடவில்லை. பொத்தானைக் கடைசிவரை தள்ளினார். துணியின் மடிப்பு பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும். வேறென்ன தெரியும்?

அப்போது அங்கே சங்கு ஊதினார்கள்.

இங்கே மங்கல காரியத்துக்குத்தான் சங்கு ஊதுவார்கள். வந்த புதிதில் மாலை நேரத்தில் வீட்டுக்கு வீடு ஊதும்போது நாங்கள் திடுக்கிட்டுப் போவோம். எங்கள் ஊரில் சங்குச் சத்தம் கேட்டால் யார் போனது என்றுதான் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் காதுக்குப் பழகிவிட்டது, வயிற்றுக்குப் பழகவில்லை. குழந்தை இருக்கிற இடம் துணிக்குப் பின்னால், அதற்குள்ளிருந்து சங்கு. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "சடங்கு ஆரம்பிக்காங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தார்.

லெவல் கிராசிங் கேட் மூடியிருந்தது. அதன் கீழே நுழைந்து போகிறவர்களை ஆயுள் முழுக்கத் திட்டியவர், குனிந்து நுழைந்தார். பட்டுப்புடவையோடு நானும் நுழைந்தேன். வீட்டு வாசலில் ஆல்பனாக் கோலம் போட்டிருந்தார்கள், அங்கே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். இவர் அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டு, வாசலில் நுழையாமல் நேரே நடந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே மாடிக்குப் போக ஒரு சுருள் இரும்புப் படி உண்டு. பந்தல்காரர்கள் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாயசக் குண்டாவுக்குப் பின்னால் அவரும் ஏறினார். வாசப்படியை மிதிக்கவில்லை. நான் மட்டும் மனுஷி மாதிரி வாசல் வழியாகப் போனேன்.

நான் மேலே போனபோது அவர் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே நின்றார். பக்கத்து வீட்டுப் பையன் பட்டு விரிப்பில் உட்கார்ந்திருந்தவன், யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டான். மகள் கிண்ணத்தை நீட்டினாள். "பாயசம்தாம்ப்பா" என்றாள். தட்டில் பொரித்த மீன் தலையும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கினார். மூன்று முறை ஊட்ட வேண்டும் என்றார்கள், ஊட்டினார். குழந்தை பாதியைத் துப்பியது. அவர் அதை ஜிப்பாவிலேயே துடைத்துக்கொண்டார். அவர் அழுதார் என்று மகள் இன்றைக்கும் சொல்கிறாள். நான்தான் அழுதேன், அதனால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஊட்டி முடித்ததும் கேமராவை எடுத்தார். வெள்ளை நெட்டியில் செய்த சோலா கிரீடமும் நெற்றி நிறையச் சந்தனப் பொட்டுமாகக் குழந்தை என் மடியில் இருந்தது. முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பழக்கம் விடவில்லை, பொத்தானைக் கடைசிவரை தள்ளினார்.

"கிட்டே இருக்கீங்க, தெரியாது. தள்ளிப் போங்க" என்றேன்.

"மாட்டேன்" என்று எடுத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எடுத்த படங்கள் எல்லாம் பிறகு கம்ப்யூட்டர் கெட்டபோது அதோடு போய்விட்டன. எல்லாம் துல்லியமான படங்கள், எண்ணெய் பாட்டில் உட்பட. பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது ஒன்றுதான். வெள்ளையாக ஒரு புகை, கீழே பழுப்பாக ஒரு புகை, சுற்றிலும் சிவப்பாக என் புடவை. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். "எங்க பேத்தி, நான் கிட்டத்துல இருந்து எடுத்தது" என்பார்.