பெயிண்டின் மேல் ஒட்டிய இழை

ஆலையில் அவளுக்குப் பெயர் பசையக்கா. தலைமுடி பருமனே உள்ள கண்ணாடி இழைகளை மெஷின்களில் ஒட்டுவதுதான் அவள் வேலை. மெஷின் அதிர்ந்தால் இழைக்குள் ஓடும் ஒளி மாறும். நான் வேலை பார்த்த கண்காணிப்பு அறைத் திரையில் கோடு துள்ளும். ஒட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகுதான் பசை தடவ வேண்டும். பதினோரு வருஷம் அந்த விஷயத்தில் அவள் யாருக்கும் மசிந்ததில்லை.

ஒரே ஒரு தடவை மசிந்தாள். சுரண்டுவதற்காகப் பாய்லர் ஃபேனை நிறுத்த நேரமில்லை என்று சூப்பர்வைசர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் பறந்தார். “பெயிண்ட் மேலயே ஒட்டிடும்மா, அடுத்த தடவை நிறுத்தும்போது சரி பண்ணிக்கலாம்.” ஃபேன் பேரிங்கின் மேல் அப்படியே ஒட்டினாள். அடுத்த தடவையும் வந்து போனது. இருவரும் மறந்தே போனார்கள். சூட்டில் பெயிண்ட் உப்பி இரும்பை விட்டுப் பிரிந்தது; அதிர்வு இழைக்கு எட்டவில்லை. திரையில் கோடு மட்டும் சமர்த்தாகப் படுத்திருந்தது.

அவள் தம்பியும் அங்கேதான் ஃபிட்டர். ஒரு நாள் காலையில் வந்து, “அக்கா, அந்த ஃபேன் சத்தமே சரியில்ல,” என்றான்.

“கோட்டைப் பாருடா, தூங்குது. முதல்ல உன் காதை டாக்டர்கிட்ட காட்டு.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான், வெட்கமில்லாமல். அவன் முகம் சுண்டிப்போய், பேரிங்கைக் கையால் தொட்டுப் பார்க்கவே போய்விட்டான். தொட்ட நேரத்தில் அது வெடித்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

விசாரணையில் அந்தக் கோட்டைத்தான் அச்செடுத்து வைத்தார்கள். மெஷின் எந்த அறிகுறியும் காட்டவில்லை, காரணமில்லாமல் கை வைத்தது அவன் தப்பு என்று எழுதப் போனார்கள். அவன் வேலையும் போயிருக்கும்.

பசையக்கா உடைந்த பேரிங்கைத் தேடிப் பார்த்தாள். இழை ஒரு பெயிண்ட் செதிலோடு கையில் வந்தது. என்னிடம் காட்டினாள். “பேசாம இரு, யாருக்கும் தெரியாது,” என்றேன். பெரிய புத்திசாலி நான்! அவள் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“அழாதக்கா. உன் கோடு சரியாத்தான் இருந்திருக்கும், என் காதுதான் கெட்டுப்போச்சு,” என்று அவனே அவளைத் தேற்றினான்.

அவள் செதிலை அவன் இடது கையில் வைத்தாள். அவன் பின்பக்கத்தை விரலால் தடவினான். ஃபிட்டருக்கு விளக்கவா வேண்டும்?

“பெயிண்ட் மேலயா ஒட்டுன?”

“ஆமாண்டா. நாளைக்கு விசாரணையில சொல்லிடறேன். உன் வேலை போகாது.”

சொன்னபடி சொன்னாள். அவன் வேலை தப்பியது, அவள் வேலை போனது. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அவன் சொன்னதுதான் அவளிடம் அவன் கடைசியாகப் பேசியது.

“அப்போ என் காது நல்லாத்தான் இருந்திருக்கு.”