அக்காவுக்கு வந்த டெங்கி

என் அக்காவுக்கு டெங்கிக் காய்ச்சல் வரவே இல்லை. இருந்தும் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீடு இருந்த தளம் முழுக்க அதை நம்பியது. நம்ப வைத்தவள் அம்மா. சின்னதாக ஒரு பொய் சொன்னால்கூட அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகிறவள், இந்தப் பொய்யை மட்டும் கூச்சநாச்சம் இல்லாமல் சொன்னாள். கன்னியர் மடத்தில் இருக்க வேண்டிய மூத்த மகள் திடீரென்று வீட்டு வாசலில் வந்து நின்றால் ஊருக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு கோலாலம்பூரில் ஒரு மடத்தில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு எங்கள் பங்குக் கோயிலில் நடந்த வழியனுப்பு விழாவைக் கல்யாணம் என்றே சொல்லலாம், மாப்பிள்ளைதான் இல்லை. மூன்றடுக்கு கேக், பிரியாணி, அக்காவின் முகம் போட்ட பேனர், பாதிரியாரின் நீண்ட பேச்சு. அதிலிருந்து அம்மாவுக்குக் கோயிலில் முன்வரிசை பெஞ்சு. பெயரும் மாறி 'சிஸ்டரம்மா' ஆகிவிட்டாள். அக்கா இன்னும் சிஸ்டரே ஆகவில்லை, பயிற்சியில் இருக்கும் நவகன்னிகைதான், கடவுளுக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்கவே இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன என்பதெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு அறவே தெரியவில்லை.

அப்படிப் போனவளைத்தான் நவகன்னியருக்குப் பொறுப்பான சிஸ்டர், "கொஞ்ச நாள் வீட்டில் இரு, நானே வந்து பேசுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவைப் பொறுத்தவரை இது துரத்திவிட்டதற்குச் சமம். மடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு எங்கள் ஆட்கள் வாயில் ஒரே பெயர்தான். 'ஓடி வந்துட்டா' என்பார்கள். பிறகு அவள் கல்யாணம் முடித்துப் பேரன் பேத்தி எடுத்தாலும் அந்தப் பெயர் போகாது.

அதற்குத்தான் டெங்கி. அக்காவும் வற்றி, கண்கள் உள்ளே போய், பார்க்க அப்படித்தான் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி காலையும் மாலையும் பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொண்டுவந்து, "மினும் லா, மினும்" என்று மலாயில் அதட்டிக் குடிக்க வைப்பார். நாக்கில் பட்டாலே குமட்டுகிற கசப்பு. ஒரு நோயும் இல்லாத அக்கா அதை மடமடவென்று குடித்துவிட்டு நன்றியும் சொல்வாள். கீழ்த்தளத்தில் யாரோ புகார் கொடுக்க, கொசுப்புகை அடிக்கும் ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். அம்மாவின் பொய்க்காக மொத்தத் தளமும் குழந்தை குட்டிகளோடு கார் நிறுத்துமிடத்தில் போய் நின்று இருமியது.

வெளியில் சிரிப்பாக இருந்தாலும் வீட்டுக்குள் மூச்சு விடவே பயமாக இருந்தது. அப்பா கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் போய்விட்டு வருவார். வந்ததும் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். டிவி ஓடாவிட்டாலும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். அம்மா தட்டுகளை வைக்கிற சத்தத்திலேயே அவளுடைய கோபம் கேட்கும். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அக்கா திரும்பிப் போகக்கூடாது. அம்மாவுக்கும் ஒரே ஆசைதான். அவள் போயே ஆக வேண்டும்.

சமையல் செய்துகொண்டே அம்மா அக்காவைத் தயார் செய்வாள்.

"சிஸ்டர் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வர்றேன்னு சொல்றேன்மா."

"அத மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டா சொல்லுவ? சிரிச்சிகிட்டு சொல்லு."

அக்கா சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு என்னவோ செய்யும்.

சிஸ்டர் வந்தது ஒரு சனிக்கிழமை. அம்மா திரைச்சீலை மாற்றி, உளுந்து வடை சுட்டு, அப்பாவுக்குக் கோயில் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். கையில் பிரம்போடு ஒரு கிழவி வரப்போகிறாள் என்று நான் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். வந்தவர் குள்ளமாக, உருண்டையாக, காலில் விளையாட்டுக் காலணியும் முதுகில் பையுமாக இருந்தார். லிஃப்ட் பழுது. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க, "மொதல்ல தண்ணி குடுங்கம்மா, அப்புறம் ஸ்தோத்திரம் சொல்றேன்" என்றார். ஈப்போ பக்கத்துத் தமிழ். வடையை ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதே எனக்குப் பெரிய வேதனையாகவும் இருந்தது, அக்காவைக் கொண்டுபோக வந்தவர் ஆயிற்றே.

என்னைப் பார்த்ததும் வடையைத் தட்டில் வைத்துவிட்டார். "இவதான் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். "இருமல் போயிருச்சா பாப்பா?"

எங்கேயோ கோலாலம்பூரில் இருப்பவருக்கு என் இருமல் எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். போய்விட்டது என்று தலையாட்டினேன். அதற்குள் அம்மா கண்ணைக் காட்ட, நான் சமையலறைக்குப் போக வேண்டியதாயிற்று. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் வெறும் திரைதான். எல்லாம் கேட்டது.

"உங்க மக ரொம்ப நல்ல பிள்ளைம்மா. அதுதான் எனக்குப் பயம்" என்றார் சிஸ்டர். "மத்த பிள்ளைங்க சாப்பாடு சரியில்லன்னு முணுமுணுக்கும். வீட்டு ஞாபகம் வந்து அழும். எங்கிட்டயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். அதெல்லாம் நார்மல் லா. அப்படி இருந்தாத்தான் உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். இவ ஒன்னுக்கும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. தவக்காலத்துல ஒரு வேளை சாப்பாட்டக் குறைச்சுக்குங்கன்னு சொன்னோம். இவ சாப்பிடாமலே கெடந்து சேப்பல்ல மயங்கி விழுந்துட்டா. ஏம்மான்னு கேட்டா, வீட்டுல தங்கச்சிக்கு இருமலாம் சிஸ்டர்ங்கிறா. தங்கச்சி இருமலுக்கு இவ ஏன் பட்டினி கெடக்கணும்? அத அவ வாயால வாங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு."

உடனே அம்மாவின் குரல், அக்காவைப் பார்த்து. "சொல்லிட்டியா?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மா சிஸ்டரிடம் திரும்பினாள்.

"ஆமா சிஸ்டர், நேர்ந்துகிட்டேன். அதுல என்ன தப்பு?" அம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது. "சின்னவளுக்குக் கைக்குழந்தையில மூளைக்காய்ச்சல். ஐசியூல கெடந்தா. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. நான் இவள இழுத்துகிட்டு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயிலுக்கு ஓடுனேன். இவ தலையில கைய வச்சு, சின்னவள எனக்குக் குடுங்க, பெரியவள உங்களுக்குக் குடுத்துர்றேன்னு சொன்னேன். மறுநாளே காய்ச்சல் எறங்கிருச்சு. சாமிக்குக் குடுத்த வாக்கு. மாத்த முடியுமா?"

"அப்போ இவளுக்கு என்ன வயசும்மா?"

"பத்து."

"இவகிட்ட கேட்டீங்களா?"

"பெத்தவ நான். நான் எதுக்குக் கேக்கணும்? அன்னம்மாவே தான் பெத்த மரியாவக் கோயிலுக்குக் குடுத்தவங்கதான!"

இந்த வாதத்துக்கு எங்கள் பாதிரியாரே பதில் சொல்ல முடியாமல் போயிருப்பார். சிஸ்டர் அவசரப்படவில்லை. தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"குடுத்தாங்கம்மா. ஆனா சாமி மகனச் சுமக்கச் சொல்லி கபிரியேல் சம்மனசு வந்தப்போ யாரக் கேட்டாரு? மரியாகிட்டதான் வந்து கேட்டாரு. அன்னம்மா வீட்டுக் கதவத் தட்டி, உங்க மகள எடுத்துக்கலாமான்னு கேக்கலியே."

யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்காத அம்மா அன்று தோற்றாள். திரையின் ஓரமாகப் பார்த்தேன். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியின் நுனியில், யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்துவிடலாம் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாரு. நீ வர்றதுன்னா வா, கதவு தொறந்துதான் இருக்கு. வரலன்னாலும் நான் உனக்கு அதே சிஸ்டர்தான். ஆனா தங்கச்சியக் காப்பாத்துறதுக்குன்னு வராத. அந்த வேலைக்கு உன்னை யாரும் கூப்பிடல."

"சொல்லு, நாம பேசுனத சொல்லு" என்று அம்மா அடிக்குரலில் கெஞ்சினாள்.

அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. "நான் போகாம, இவளுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?"

"பிள்ளைங்கன்னா காய்ச்சல் வரும், போகும். ஒன்னும் ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. ஆனா ஒரு பிள்ளையப் பிடிச்சு வச்சுகிட்டு இன்னொரு பிள்ளையக் கேக்கறவர நான் கும்பிடல. இருபத்தஞ்சு வருஷமா மடத்துல இருக்கேன். அப்படிப்பட்டவரா இருந்தா நான் எப்பவோ மூட்டையக் கட்டியிருப்பேன்."

அக்கா சிரித்துவிடுவாளோ, அம்மா சொல்லிக்கொடுத்த அந்தச் சிரிப்பைச் சிரித்து வருகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு உதடு கோணி அழுகை வந்தது, என் வகுப்பில் அடி வாங்கிய பிள்ளைகள் அழுவதுபோல. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"நான் இங்கயே இருக்கேன் சிஸ்டர்."

சமையலறையில் நான் குதித்த குதியில் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் சாகக் கிடந்து பிழைத்த கதையும் ஏற்கெனவே தெரியும். பள்ளியில் அதைக் கை கால் வைத்து அளந்தும் இருக்கிறேன். ஆனால் அன்று கேட்டதில் என் மண்டையில் ஏறியது ஒன்றுதான். அக்கா வீட்டில் இருக்கப்போகிறாள்.

சிஸ்டர் மீதி வடையைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து அம்மா முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். 'ஓடி வந்துட்டா' என்ற பேச்சும் எதிர்பார்த்தபடியே வந்தது. அம்மா அக்காவோடு பேசவே இல்லை. என்னைத்தான் விடாமல் கவனித்தாள். பள்ளிவிட்டு வந்ததும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். தும்மினால் ஓடி வருவாள். கோழிக்கால் இப்போதெல்லாம் எனக்குத்தான் வந்தது. அம்மாவுக்குக் கடைசியில் என்னைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அந்தக் கர்வத்தில் கொஞ்ச நாள் திரிந்தேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. பள்ளிப் பேருந்துக்கு நின்று நனைந்து, ஒரு மத்தியானம் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான். கூடத்தில் மெத்தையைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். நெற்றியைத் தொட்ட அக்காவின் கை சட்டென்று பின்வாங்கியது. ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது மடத்தில் போட்ட வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறப் பாவாடையும் போட்டிருந்தாள்.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்னை பஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அம்மா வாசலை ஒட்டி நின்றிருந்தாள். அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை, கொஞ்சம் ஒதுங்கி நின்றாலே போதும். கொடுத்த வாக்கும் நிறைவேறிவிடும், முன்வரிசையும் திரும்ப வந்துவிடும், சின்னவளும் பிழைத்துவிடுவாள். அம்மா கணக்கில் அப்படித்தான். வெளியே மழை கொட்டியது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அக்காவின் பாவாடையைப் பார்த்தாள்.

பிறகு திரும்பி இரும்புக் கிரில் கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாரும் எங்கயும் போகல. போய்த் துணிய மாத்து."

இவ்வளவு நாளுக்குப் பிறகு அக்காவிடம் அவள் பேசியது அதுதான். பேசிவிட்டு வந்து என் மெத்தையில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சுவரில் அன்னம்மாள் சிறுமி மரியாவுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுவதுபோலச் சத்தமாகச் சொன்னாள்.

"நேர்ந்துகிட்டது நானு. கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க. என் பிள்ளைங்க ரெண்டையும் விட்டுருங்க."

கிரில்லை ஏன் பூட்டினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்ச்சலோடு நான் மழையில் விளையாட ஓடிவிடுவேன் என்றுதான். படத்தோடு அவள் ஏன் சண்டை போடுகிறாள் என்று யோசிக்கும் தெம்பு அப்போது இல்லை. அக்கா துணியை மாற்றிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். அம்மாவின் உடம்பு நடுங்கியது. என்னைப் பிடித்திருந்த கை, மடி, முகவாய் எல்லாமே நடுங்கின. என் காய்ச்சல் அவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, போர்வையில் பாதியை எடுத்து அம்மாவின் தோளில் போர்த்திவிட்டேன்.