வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?

மூணு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஓர் அதிசயம் நடந்தது. பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை, ஆறு வருஷத்துப் பிரஷர், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் வைத்த ஸ்டென்ட் — எல்லாம் என் கணவரின் உடம்பை விட்டுப் பத்தே நிமிஷத்தில் போய்விட்டன!

குணப்படுத்தியவர் டாக்டர் இல்லை. என் நாத்தனாரின் கணவர் சேகர். இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"மச்சான், சுகர்?"

"இல்ல மாப்ள."

"பிரஷர்?"

"அதெல்லாம் கிடையாது."

"ஆஸ்பத்திரி அட்மிஷன், ஆபரேஷன்… ஏதாவது?"

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

சேகர் சிரித்துக்கொண்டே டேப்லெட்டில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போனார். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் காபியில் சர்க்கரை கிடையாது என்பது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

சேகரைக் குறை சொல்லாதீர்கள். பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. அதுதான் கதையே.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் சூப்பிரண்டெண்டாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ரெண்டு மாசத்தில் ஓய்வு. எனக்கும் கணவருக்கும் சேர்த்துக் கல்லூரியே ஒரு குரூப் மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற அன்றைக்கு அதுவும் எழுந்து போய்விடும். அதற்குள் வேறு ஒன்று பிடிக்கணும். எனக்கு என்ன, தலைவலிக்குக் கூட மாத்திரை போடாத ஜென்மம். கவலையெல்லாம் அவர் நெஞ்சைப் பற்றித்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. இட்லியைப் பிட்டவர் அப்படியே வைத்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "வாயுவா இருக்கும்டி" என்றார். நம் ஆண்பிள்ளைகளுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது வாயுதான்! உள்ளூரில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், ஊசி போட்டு, "உடனே தஞ்சாவூர் கொண்டு போயிடுங்க" என்றார். திருநள்ளாறு தாண்டி, பேரளம் தாண்டி, கும்பகோணம் தாண்டி… வழி நெடுக அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். எந்தச் சாமியை வேண்டினேன், எதை நேர்ந்துகொண்டேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

பிழைத்து வந்தார். வந்ததும் என்னிடம் வாங்கிய முதல் சத்தியம் என்ன தெரியுமா? "ஊர்ல வாயுத் தொல்லைன்னே சொல்லு."

ஏன்? பல்லக்கு!

திருநள்ளாறு பக்கத்தில் இருக்கிறது அவர் சொந்த ஊர். அந்த ஊர் அம்மன் புறப்பாட்டில் பல்லக்கின் முன்பக்கம், வலது தோள், இவர்கள் குடும்பத்துக்கு. அவர் அப்பா நின்ற இடம். நெஞ்சில் ஸ்டென்ட் என்று தெரிந்தால், "நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்று யாராவது சொல்லிவிடுவார்களாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, ஆபரேஷன் முடிந்த ஆறாம் மாசம் பல்லக்கைத் தூக்கினார் மனுஷன்! நான் அன்றைக்கு அம்மனைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில், அடுத்த வருஷம் 'முட்டி வலி' என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஆக, வீட்டு மாப்பிள்ளையிடமே பொய். அவர் தங்கை காதுக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி, இல்லையா? நானும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் தடுத்தது.

சேகர் காட்டிய திட்டம் பார்க்க ஜோராகத்தான் இருந்தது. "அக்கா, நம்ம புதுச்சேரியில மட்டும் எத்தனை ஆஸ்பத்திரி பாருங்க. போய்ப் படுத்தாப் போதும், பில்லு அவங்களே கட்டிடுவாங்க" என்று லிஸ்ட்டை நீட்டினார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எனக்கே மலைப்பாகிவிட்டது. இத்தனை ஆஸ்பத்திரியா! அப்புறம் என்ன கவலை?

என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஏனோ பேனாவை எடுக்க மனசு வரவில்லை. "வெள்ளிக்கிழமை போடறேன் தம்பி, நல்ல நாள்" என்று தப்பித்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். நஜீமாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நஜீமா எங்கள் ஆபீஸில் சம்பளப் பிரிவு. இன்சூரன்ஸ் பேப்பரெல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும்; அதனால் ஸ்டென்ட் விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். கணவர் துபாயில். இங்கே மாமியாரின் ஆஸ்பத்திரி வேலை மொத்தமும் அவள் தலையில். க்ளெய்ம் விஷயத்தில் கரை கண்டவள்.

"லிஸ்ட் மட்டும் அத்தனை பக்கம், நஜீமா!"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். சாருக்கு நெஞ்சு வலி வந்தப்ப எங்க கொண்டு போனீங்க?"

"தஞ்சாவூர்."

"அது உங்க லிஸ்ட்ல இருக்கா?"

சேகர் அனுப்பியிருந்த லிஸ்ட்டைப் போனில் திறந்தேன். சேகர் மேலே மாநிலம் 'புதுச்சேரி' என்று தேர்ந்தெடுத்திருந்தார். காரைக்காலில் பிறந்த யார்தான் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? பள்ளிக்கூட அப்ளிகேஷனிலிருந்து கேஸ் கனெக்‌ஷன் வரைக்கும் மாநிலம் என்றால் நம் கை தானாக அதைத்தானே எழுதும்! வரிசையாக வந்ததெல்லாம் பாண்டி ஆஸ்பத்திரிகள். காரைக்காலில் ரெண்டே ரெண்டு. ஒன்று கண்ணுக்கு. இன்னொன்று பிரசவத்துக்கு.

அறுபத்தி மூணு வயசில் என் கணவருக்கு அந்த இரண்டாவது ஆஸ்பத்திரியால் என்ன பிரயோஜனம், நீங்களே சொல்லுங்கள்!

'தமிழ்நாடு' என்று மாற்றித் தேடினேன். எங்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை. கும்பகோணத்தில் இதயம் பார்க்கிற ஒன்றுகூட இல்லை. கையெழுத்து வாங்க, ஃபைல் நகர்த்த, நாம் பாண்டிக்கு விடியற்கால பஸ் ஏறிப் பழகியவர்கள்தான். அதற்காக நெஞ்சு வலியையும் தூக்கிக்கொண்டு தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர் என்று ஊர் சுற்ற முடியுமா?

"இவ்வளவு லேசா குடுக்கறாங்கன்னா, பொய் வேற எழுதியிருக்கீங்களாக்கா?" என்றாள் நஜீமா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அல்லாஹ்! நாளைக்குப் படுத்தா, பழைய ரிப்போர்ட்டைத் தோண்டி எடுத்து 'மறைச்சிட்டீங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. என் மாமிக்கு அட்மிஷன் போட்ட அன்னைக்கே, எப்பலேருந்து சுகர்னு மூணு பேர் வந்து கேட்டாங்க. உண்மையை எழுதினதால தப்பிச்சோம்."

"உண்மையை எழுதினா, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு வருஷக்கணக்கா காத்திருக்கச் சொல்றாங்களே?"

"புதுசா எடுத்தா அப்படித்தான். நம்ம குரூப் பாலிசியையே அதே கம்பெனியில தனிப் பாலிசியா மாத்திக் கேக்கலாமேக்கா? இத்தனை வருஷம் இருந்ததைக் கணக்குல எடுத்துப்பாங்க. தஞ்சாவூரும் அதுல இருக்கு. ஆனா ரிலீவ் ஆகறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். நீங்க இன்னும் கேக்கவே இல்லியா?"

கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஆபீஸ் சூப்பிரண்டெண்ட்!

முப்பத்தியோரு வருஷ சர்வீஸில் எத்தனை பேரை வழியனுப்பியிருப்பேன்? சால்வை, மாலை, சுவர்க்கடிகாரம், குரூப் போட்டோ, வடை பாயசம்… ஒன்றில்கூடக் குறை வைத்ததில்லை. ஒரு ஆளிடமாவது, "உங்க மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறேனா?

லேப் அட்டெண்டர் கலியபெருமாள் ஞாபகத்துக்கு வந்தார். அவர் மனைவிக்கு ஆஸ்துமா. வருஷத்துக்கு ரெண்டு தடவை அட்மிட் ஆவார். ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "இப்ப அந்த இன்சூரன்ஸ் கார்டு செல்லாதுன்னுட்டாங்கம்மா" என்றார். "ஐயோ பாவமே" என்று சொல்லிவிட்டு நான் என் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவருக்குக் கடிகாரம் வாங்க மூணு கடை ஏறி இறங்கியவள் நான். ஒரு பேப்பரைக் கையில் கொடுத்திருந்தால் போதுமே! அன்றைக்கு மதியம் எனக்கு வேலையே ஓடவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சேகர் வந்தார். பேனா தயார். என் கணவர் தயார்.

நான் சத்தியத்தை உடைத்தேன்.

"தம்பி, இவருக்கு சுகர் இருக்கு. பிரஷர் இருக்கு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அன்னைக்கு வந்தது வாயு இல்ல."

என் கணவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "ஏய், உன்னை யாரு…" என்று எழுந்தார்.

"உக்காருங்க!" என்றேன். முப்பத்தி நாலு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. "உங்க தோளைப் பத்தி ஊர் என்ன சொல்லும்னு உங்களுக்குப் பயம். எனக்கு உங்களைப் பத்தித்தான் பயம். இன்னொரு தடவை அந்த மாதிரி வண்டியில உக்காந்து போக என்னால முடியாது. போய்த்தான் ஆகணும்னா, கூட ஒரு கார்டாவது இருக்கட்டும்."

அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் போதும். காலேஜ் பாலிசியையே தனிப் பாலிசியாக மாற்றலாம் என்று நஜீமா சொன்னதையும் சொன்னேன்.

சேகர் டேப்லெட்டை மூடி வைத்தார். அவருக்கு வர வேண்டிய கமிஷன் போகிறது, கோபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மச்சான், அன்னைக்குப் பல்லக்குல உங்களுக்குப் பின்னாடியே நான் வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முன்னாடி வந்து நான் தோள் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, எனக்கு ஒரு பாலிசி போனா போகுது. உங்க நாத்தனாருக்கு அவ அண்ணன் வேணும். நீங்க சொன்ன அந்த மாத்தற ஃபார்மைக் கொண்டாங்க, நானே உக்காந்து எழுதித் தர்றேன்."

எழுதினோம். இந்தத் தடவை 'ஆம்', 'ஆம்', 'ஆம்'. ஒவ்வொரு 'ஆம்'-க்கும் என் கணவர் ஒரு பெருமூச்சு விட்டார். கடைசியில், "எழுதிப் பார்த்தா ஒண்ணும் அவ்வளவு பயங்கரமா இல்லியே" என்று வேறு சொன்னார்!

கம்பெனி சும்மா விடவில்லை. புது ரத்தப் பரிசோதனை கேட்டது. தஞ்சாவூர் டாக்டர் கடிதம் கேட்டது. பிரீமியத்தையும் கொஞ்சம் ஏற்றியது. முந்தாநாள் காலை மெயில் வந்தது. நான் ஓய்வு பெறுகிற மறுநாளிலிருந்து பாலிசி. ஸ்டென்ட்டுக்குத் தனியாகக் காத்திருப்பு இல்லை. மூணு தடவை படித்தேன், நாலாவது தடவை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஊர்? அவரே போய்ச் சொல்லிவிட்டார். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. இந்த வருஷம் தோள் சேகருடையது. இவருக்கு அம்மனுக்குக் குடை பிடிக்கிற வேலை. "குடைன்னா சும்மா இல்லடி, எல்லாருக்கும் முன்னாடி நிக்கணும்" என்று இப்போதே அலட்டிக்கொள்கிறார்!

ஆபீஸில் நானும் நஜீமாவும் காப்பீட்டை மாற்றிக்கொள்ளும் வழியை ஒரு பக்கத்தில் அடித்து, ஓய்வு பெறப் போகிறவர்களின் ஃபைலில் எல்லாம் முதல் பக்கமாகச் சேர்த்திருக்கிறோம். அடுத்து ஓய்வு பெறப் போகிறவர் காலேஜ் பஸ் டிரைவர். நேற்று அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கலியபெருமாள் வீட்டுக்கும் போனேன். அவருக்கு அந்தப் பழைய வழி அடைபட்டுவிட்டது. ஆனால் வேறு ஏதாவது அரசுத் திட்டத்தில் சேர முடியுமா என்று நஜீமா விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அவர் வீட்டுச் சுவரில் நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது.

ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்களா? ஆளாளுக்கு லிஸ்ட் நீட்டுவார்கள். அதை அப்புறம் பாருங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால், உங்கள் வாசலிலிருந்து வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? முதலில் அதைப் பாருங்கள்.

எங்கள் வண்டி மேற்கே, தஞ்சாவூர் பக்கம் திரும்பும். மாநிலம் எதுவாக இருந்தால் என்ன?