சித்தி கொண்டுபோன பந்து

நாங்கள் குடியேறிய ஹென்டர்சனில் எங்கள் தெரு ஒரு சரிவு. மேல் முனையில் டெய்ரி, பாலும் பேப்பரும் விற்கிற சின்னக் கடை. கீழ் முனையில் ரயில் பாதை, அதற்கு முன்னால் எங்கள் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எதிர்வீட்டு வெள்ளைக்காரர் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். ரக்பி எங்கிருந்து வந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். கோடு, விசில், நடுவர் எல்லாம் வரப் பல நூறு வருடம் முன்னாலேயே அவர்கள் ஊரில் பந்துக்காக முட்டிமோதி அடிபட்டார்களாம். மேல் முனை ஒரு பக்கம், கீழ் முனை ஒரு பக்கம். ஊரே இறங்கும். பந்தை எப்படியாவது மற்ற முனைக்குக் கொண்டுபோய் வாசலில் தொட வைத்தால் வெற்றி. சட்டம் இரண்டுதான். ஆளைக் கொல்லக் கூடாது. வண்டியில் கொண்டுபோகக் கூடாது.

சாகிறதுக்குள் அதை எங்கள் தெருவில் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்றார். தோலில் பந்தும் தைத்தார். அந்தக் காலத்தில் உள்ளே பன்றியின் மூத்திரப்பை இருக்கும் என்றார். அப்பா சைவம். இதற்குள் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தக்கைத் தூள் என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் தொட்டார்.

தோற்கிற முனை மற்ற முனைக்குக் கோடை முழுக்கப் புல்லு வெட்ட வேண்டும். அதுதான் பந்தயம். எங்கள் வீட்டில் புல்லு வெட்டுகிறவர் சித்தப்பா. அவரும் சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். எங்கள் புல்லை வெட்டவே அவருக்குப் பஞ்சி, நாளைக்கு நாளைக்கு என்பார். ஆனால் டிவியில் ஒரு ரக்பி மாட்சும் விடமாட்டார்.

"நீங்கள் சும்மா நில்லுங்கோ. எனக்கு இந்த விளையாட்டுத் தெரியும்" என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தார்.

மேல் முனையில் சமோவாக்கார அண்ணன் தம்பிமார் இருந்தார்கள். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவைக் காணவில்லை. எங்கள் வேலியோரம் ஆட்கள் குவியலாகக் கிடந்தார்கள். அதற்கு அடியில் அவருடைய ஒரு செருப்புத் தெரிந்தது. பந்து வேலிக்குக் கீழால் உருண்டு, உள்ளே நின்ற என் காலடியில் வந்து நின்றது. ஒருவரும் அதைக் காணவில்லை. இல்லாத பந்துக்கு இன்னும் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

எடுத்துக்கொண்டு பின்கதவால் குசினிக்குள் ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் சித்தி நின்றார். அவர் ஆஸ்பத்திரியால் வந்து, வெளியே இறங்காமல் இருந்த நேரம் அது. வயிற்றில் ஏதோ சின்ன ஒப்பரேஷன் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா அவருக்குத் தனியாக, மிளகும் மஞ்சளும் அரைத்துச் சரக்குக் கறி வைப்பார். நான் கேட்டால் தரமாட்டார்.

சித்தி பந்தைப் பார்த்தார். வாங்கித் தன் பெரிய சட்டைக்குள் வைத்து, கீழே ஒரு கையால் தாங்கிக்கொண்டார். மற்றக் கையால் என்னைப் பிடித்தார்.

"வா, கடைக்குப் போவம்."

எங்களைக் கண்டதும் சமோவாக்காரரில் மூத்தவர் எழும்பிக் கையை விரித்து மற்றவர்களைத் தள்ளி வழிவிட்டார். அவருக்குக் கீழே கிடந்த சித்தப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கெதியா நடவுங்கோ, சித்தி" என்றேன்.

"இப்பிடி இருக்கேக்க ஓடக் கூடாது."

நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

பாதி வழியில் சென்னைக்கார அக்கா. மேல் முனைக்குக் காவல் நின்றவர். காவலை விட்டுவிட்டுச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லவே இல்ல பாத்தீங்களா. எத்தனை மாசம்?"

"அஞ்சு" என்றார் சித்தி. யோசிக்கவே இல்லை.

"மாங்கா ஊறுகா போட்டிருக்கேன். சாயந்தரம் கொண்டாந்து தரேன்."

"ஓம்" என்றார் சித்தி.

டெய்ரி வாசலில் சித்தி நின்றுவிட்டார். பந்தை எடுங்கோ என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எடுத்துக் கதவில் தொட வைத்தார். தெருவே சிரித்தது. தோற்றவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவர் ஊரிலும் பெண்கள் பாவாடைக்குள் ஒளித்துக் கொண்டுபோனதுண்டாம்.

சித்தப்பா ஒற்றைச் செருப்போடு வந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சித்தியின் கையிலிருந்து பந்தை மெதுவாக வாங்கி என்னிடம் தந்தார். சித்தியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தான் வெல்லவில்லை என்ற எரிச்சல் என்று நினைத்தேன்.

அந்தக் கோடை சமோவாக்காரர்தான் எங்கள் புல்லு வெட்டினார்கள். சென்னைக்கார அக்கா சொன்னபடி ஊறுகாய் கொண்டுவந்தார், சிரித்துக்கொண்டே. சித்தி அதை ஒருவருக்கும் கொடுக்காமல் தனிய இருந்து சாப்பிட்டார். எனக்கு அதுவும் கோபம். பந்தை எடுத்துக் கொடுத்தது நான்தானே.

சித்தியின் வயிற்றில் அந்தப் பிள்ளை தங்கியிருந்தால் அன்றைக்குச் சரியாக ஐந்து மாதம் என்று அம்மா எனக்குச் சொன்னபோது, என் வயிற்றில் பிள்ளை இருந்தது.